ஆஸ்திரேலியாவும் அதன் கடலடியும் ஒரே தாளில்: வரைபடம் செய்யும் முறை

ஆஸ்திரேலியாவின் மேடுபள்ளங்களையும் அதைச் சுற்றியுள்ள கடலடியையும் ஒரே படத்தில் கொண்டுவர இன்று கப்பலும் வேண்டாம், விமானமும் வேண்டாம். தரவு இலவசம். கியூஜிஐஎஸ், ஜிடால், ஜிஎம்டி ஆகிய மென்பொருள்களும் இலவசம். 16 ஜிபி நினைவகம் உள்ள கணினி இருந்தால் ஒரே மதியத்தில் பார்க்க அழகான படம் ஒன்று வந்துவிடும். அது சரியான படம்தானா என்பதில்தான் வேலையே இருக்கிறது. நிலத்தின் உயரம் விண்வெளி ராடாரால் ஏறக்குறைய இடம் விடாமல் அளக்கப்பட்டது. கடலின் ஆழத்தில் பெரும்பகுதி இன்னும் கணிப்புதான். இரண்டும் ஒரே கோப்பில், ஒரே அளவுக் கட்டங்களில் வருவதால் எது அளந்தது, எது ஊகித்தது என்று பார்வைக்குத் தெரியாது.

முதலில் தாள், பிறகு தரவு

கையில் கிடைத்த மிக நுணுக்கமான தரவை இறக்கிவிட்டுப் பிறகு தாள் அளவை யோசிப்பது வழக்கமாக நடக்கும் தவறு. தலைகீழாகச் செய்யுங்கள். ஏ-0 தாள் 1189 × 841 மி.மீ. அதில் 1:50,00,000 அளவுத்திட்டத்தில் 5,945 × 4,205 கி.மீ. பரப்பு அடங்கும். மேற்கே டயமண்டினா பிளவு மண்டலம், கிழக்கே லார்டு ஹோவ் மேடு, வடக்கே தீமோர் பள்ளம், தெற்கே டாஸ்மேனியாவையும் தாண்டிக் கொஞ்சம் கடல் என எல்லாமே உள்ளே வந்துவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் நீளவாட்டில் 14,043 புள்ளிகள். ஒரு புள்ளிக்குச் சுமார் 423 மீட்டர் நிலம்.

கெப்கோ என்ற உலகக் கடலாழத் தொகுப்பின் கட்டம் 15 விநாடிக் கோண அளவு, அதாவது வடக்கு–தெற்காக 463 மீட்டர். ஆக, ஏ-0 தாளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. இந்தப் படத்துக்கு 30 மீட்டர் நிலத் தரவைத் தேடிப் போவதில் பயனில்லை. கட்டங்களின் எண்ணிக்கை 225 மடங்கு கூடும், தாளில் ஒரு மயிரிழைகூட வேறுபாடு தெரியாது. ஏ-3 தாள்தான் என்றால் 1.2 கி.மீ. கட்டமே போதும்.

இறக்க வேண்டியவை

கெப்கோவின் பதிவிறக்கப் பக்கத்தில் நான்கு எல்லைகளைக் கொடுங்கள்: மேற்கு 95, கிழக்கு 170, வடக்கு −5, தெற்கு −50. தென் அரைக்கோளத்துக்குக் கழித்தல் குறி வேண்டும். அதை மறந்தால் மியான்மரிலிருந்து ஜப்பான் வரை வந்து நிற்கும். தாளில் தெரியப்போவதைவிடப் பெரிய பெட்டியாக எடுப்பதற்குக் காரணம் உண்டு: உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும் முறையான புரொஜெக்‌ஷன் மாற்றியபின் அட்ச–தீர்க்கப் பெட்டி விசிறிபோல் வளைந்துவிடும். தாளில் வரும் செவ்வகத்தின் மேல் மூலைகள் 6 டிகிரித் தெற்கு வரை எட்டும். கீழ் மூலைகள் 96, 168 டிகிரிக் கிழக்கைத் தொடும். இறுக்கமாக வெட்டி எடுத்தால் மூலைகள் வெற்றாக நிற்கும்.

டிகிரிக்கு 240 கட்டம் என்ற கணக்கில் 18,000 × 10,800, மொத்தம் 19.44 கோடி கட்டங்கள். கட்டத்துக்கு 2 பைட், ஆகவே அமுக்காத கோப்பு சுமார் 389 எம்பி. ஜியோடிஃப் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பனிக்கு மேலா, பனிக்கு அடியிலா என்று கேட்டால் எதைச் சொன்னாலும் சரி. அண்டார்டிகா நம் படச் சட்டத்துக்குள் வரவில்லை.

உயரக் கோப்போடு டிஐடி என்ற இரண்டாவது கோப்பையும் சேர்த்தே இறக்குங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்; இந்த வேலையின் பாதி அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பும் எங்கிருந்து வந்தது என்பதை அது எண்ணாகச் சொல்கிறது. 0 என்றால் நிலம். 10 ஒற்றைக் கற்றை எதிரொலிமானி, 11 பல கற்றைச் சோனார், 15 லைடார் (லேசர் ஒளியால் அளப்பது). 40 என்றால் செயற்கைக்கோள் ஈர்ப்புத் தரவிலிருந்து கணித்த ஆழம், 41 என்றால் இடைவெளியை நிரப்பிய வெறும் கணக்கு.

ஜியோசயின்ஸ் ஆஸ்திரேலியா நிறுவனம் வெளியிட்ட 250 மீட்டர் தொகுப்பும் இருக்கிறது. 2009 பதிப்பு 92–172 டிகிரிக் கிழக்கு, 8–60 டிகிரித் தெற்கு வரை பரவியது. பிற்பாடு திருத்திய பதிப்புகளும் வந்தன. ஆஸ்திரேலியக் கரையோரத்தில் அது கெப்கோவுக்குச் சளைத்ததல்ல. ஆனால் 8 டிகிரியில் நின்றுவிடுவதால் நம் செவ்வகத்தின் இரு மேல் மூலைகளும் காலியாகும். முதல் படத்துக்குக் கெப்கோவை மட்டும் வைத்துத் தொடங்குவதே நல்லது.

புரொஜெக்‌ஷன் மாற்றம்

கண்டம் முழுவதையும் காட்டும்போது பரப்பு சிதையாத புரொஜெக்‌ஷன் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு அது ஆல்பர்ஸ் சமபரப்பு, இபிஎஸ்ஜி என்ற குறியீட்டுப் பட்டியலில் எண் 3577: திட்ட அட்சங்கள் 18, 36 டிகிரித் தெற்கு, நடுத் தீர்க்கம் 132 டிகிரிக் கிழக்கு. இணைய வரைபடங்களின் மெர்கேட்டரில் டாஸ்மேனியா ஊதிப் பெருத்துத் தெரியும். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. ஆஸ்திரேலியாவின் புதிய ஆள்கூற்று அடிப்படையான ஜிடிஏ2020-இல் இதே புரொஜெக்‌ஷனின் எண் 9473. இரண்டுக்கும் இடையே 1.8 மீட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம். கண்டத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 7 செ.மீ. வடகிழக்காக நகர்வதால் வந்தது அது. 450 மீட்டர்க் கட்டத்தில் எதை எடுத்தாலும் ஒன்றுதான், ஆனால் படம் முழுக்க ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

கியூஜிஐஎஸ்ஸில் வார்ப் கருவியைத் திறந்து கீழ்க்கண்டபடி நிரப்புங்கள்:

மூல அமைப்பு 4326 (அட்ச–தீர்க்க டிகிரி), இலக்கு 3577.
கட்ட அளவு 450 மீட்டர்.
எல்லை: கிடையாக −29,70,000 முதல் 29,70,000 வரை, செங்குத்தாக −51,50,000 முதல் −9,47,000 வரை.
மறுமாதிரி முறை: உயரத்துக்குக் கியூபிக் (சுற்றியுள்ள கட்டங்களைக் கலந்து கணிப்பது), டிஐடிக்கு நியரஸ்ட் நெய்பர் (அருகிலுள்ள கட்டத்தின் மதிப்பை அப்படியே எடுப்பது).
வெளியீட்டு வகை: உயரத்துக்கு ஃப்ளோட்32 (தசம எண்), டிஐடிக்கு பைட் (முழு எண்).

இந்த எல்லை 13,200 × 9,340 கட்டங்களாகச் சரியாக வகுபடும். இரண்டு கோப்புக்கும் எல்லை ஓர் எண்கூட மாறக்கூடாது. மாறினால் பின்னால் நிலத்தையும் கடலையும் பிரிக்கும்போது கரையெங்கும் அரைக் கட்டம் பிசகி ஒரு மெல்லிய கோடு ஓடும்.

டிஐடியைக் கியூபிக்கில் மாற்றினால் 11-க்கும் 40-க்கும் நடுவே 25, 26 என்று பொருளில்லாத எண்கள் பிறக்கும். அவை வகைகளின் எண்களே தவிர அளவுகள் அல்ல. உயரக் கோப்பு முழு எண்களாக வருகிறது. வெளியீட்டையும் முழு எண்ணாக விட்டால் ஒவ்வொரு கட்டமும் மறுபடி அருகிலுள்ள மீட்டருக்கு உருட்டப்படும். மலைநாட்டில் அது தெரியாது. ஆஸ்திரேலியா மலைநாடு அல்ல. கண்டத்தின் சராசரி உயரமே சுமார் 330 மீட்டர்தான்.

நிலத்தையும் கடலையும் பிரித்தல்

பூஜ்யத்துக்கு மேல் பச்சை, கீழ் நீலம் என்று ஒரே வண்ணப் பட்டையைப் பூசினால் பாலைவனத்தின் நடுவே ஒரு கடல் முளைக்கும். கடி தண்டா–ஏர் ஏரியின் படுகை கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே இருக்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் காய்ந்த உப்புத்தரை. அதை நீலமாகக் காட்டும் படங்கள் இணையத்தில் ஏராளம்.

இதற்குத் தனிக் கரையோரக் கோப்பு தேட வேண்டியதில்லை, டிஐடியே போதும். கட்டம்கட்டமாகக் கணக்கிடும் ராஸ்டர் கால்குலேட்டரில், டிஐடி 0 ஆக உள்ள கட்டங்களில் உயரத்தை வைத்து மற்றவற்றுக்கு −9999 கொடுத்தால் நிலக் கோப்பு கிடைக்கும். மாற்றிச் செய்தால் கடல் கோப்பு. பிறகு −9999 என்பது வெற்றுமதிப்பு என்று இரு கோப்பிலும் அறிவியுங்கள். சுருக்கவழியாக உயரத்தை முகமூடியால் (வேண்டிய இடம் 1, மற்றது 0 என்ற கோப்பால்) பெருக்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கடல் வெற்றாகாது, 0 மீட்டர் நிலமாகிவிடும். அடியில் உள்ள கடல் அடுக்கை முழுவதும் மறைத்துவிடும்.

கடல் கோப்பில் அங்கங்கே ஓரிரு மீட்டர் நேர்மதிப்பு உள்ள கட்டங்கள் எஞ்சலாம். கியூபிக் முறை செங்குத்தான கரையில் சற்றுத் துள்ளுவதால் வருவது அது. −0.5-க்கு மேற்பட்டதையெல்லாம் −0.5 ஆக்கிவிடுங்கள்.

நிழல்

ஹில்ஷேட் என்ற நிழல் அடுக்கை நிலத்துக்கும் கடலுக்கும் தனித்தனியே செய்யுங்கள். உயரத்தைப் பெருக்கிக் காட்டும் மிகைப்பு ஒரே அளவில் இரண்டுக்கும் ஒத்துவராது. நிலத்துக்கு 8 மடங்கு, கடலுக்கு 3 முதல் 4 மடங்கு என்று தொடங்கிப் பாருங்கள். கண்டச் சரிவு சில பத்து கிலோமீட்டருக்குள் ஆயிரக்கணக்கான மீட்டர் இறங்குவது. அதற்கும் 8 மடங்கு கொடுத்தால் சரிவெல்லாம் கறுத்துப்போய்ப் பெர்த் கடலடிப் பள்ளத்தாக்குகூடத் தனியே தெரியாது.

ஒளி 315 டிகிரியிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து, உயரம் 45 டிகிரி. வட அரைக்கோளத்து வரைபடங்களில் இது கண்பழக்கத்துக்காக வைத்த பொய் வெளிச்சம். ஆஸ்திரேலியாவில் சூரியன் பிற்பகலில் மெய்யாகவே அங்கேதான் நிற்கிறது. ஒற்றை ஒளியில் வடமேற்கு–தென்கிழக்காக ஓடும் முகடுகள் மங்கிவிடும். ஆகவே கடல் அடுக்குக்குப் பல்திசை ஒளி வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். அது 225, 270, 315, 360 ஆகிய நான்கு திசைகளையும் கலக்கிறது.

புரொஜெக்‌ஷன் மாற்றுவதற்கு முன்பே ஹில்ஷேட் செய்தால் படம் கறுப்பு–வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறும். கிடை அளவு டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருப்பதுதான் காரணம்.

நிலத்தில் தவறாமல் வரும் கோளாறு படிக்கட்டு. நல்லார்பர் சமவெளியிலும் ஏர் ஏரிப் படுகையிலும் வயல் வரப்புபோல் கோடுகள் தெரிந்தால் அவை நிலத்தின் உருவம் அல்ல. மூலக் கோப்பு முழு மீட்டர்களில் இருப்பதால், ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் 1 மீட்டர் படி விழுகிறது. 8 மடங்கு மிகைத்தால் அது 450 மீட்டரில் 8 மீட்டர், கிட்டத்தட்ட 1 டிகிரிச் சரிவு. நிழலில் பளிச்சென்று தெரிய அதுவே போதும். படத்தை முழுவதும் மழுக்காதீர்கள், மழுக்கினால் கிழக்கு மலைத்தொடரின் விளிம்பும் கரைந்துபோகும். சரிவு 0.5 டிகிரிக்குக் குறைந்த இடங்களில் மட்டும் 3 கட்ட ஆரமுள்ள காஸியன் என்ற மழுக்கும் வடிகட்டியை ஓட்டி, அந்தப் பகுதியை மட்டும் மாற்றி வையுங்கள். ஹில்ஷேட்டை வண்ண அடுக்கின்மேல் மல்டிப்ளை முறையில் 40–50 சதவீத அடர்த்தியில் வைத்தால் வண்ணம் அழுக்காகாது.

வண்ணம்

மென்பொருளைத் தானாக எல்லைகளைப் பிடிக்கச் சொன்னால் நிலம் முழுவதும் ஒரே நிறத்தில் தட்டையாக வரும். குற்றவாளி ஆஸ்திரேலியா அல்ல. சட்டத்தின் மேல் விளிம்பில் நுழையும் அண்டை மலைகள். பாப்புவா நியூ கினியின் விக்டோரியா மலை 4,038 மீட்டர், லம்போக் தீவின் ரிஞ்சானி 3,726 மீட்டர். ஆஸ்திரேலியக் கண்டத்தின் உச்சமான காஸ்கியஸ்கோ 2,228 மீட்டர்தான். ஆகவே படிகளைக் கையால் கொடுங்கள்: −15, 0, 50, 100, 200, 300, 450, 600, 900, 1,300, 2,000. அதற்கு மேலே எல்லாம் ஒரே நிறம்.

தாழ்நிலத்துக்குப் பச்சை என்ற பள்ளிக்கூட மரபை இங்கே கைவிட வேண்டும் என்பதே எங்கள் கட்சி. படிப்பவர் பச்சையைப் புல்லாகவும் காடாகவும்தான் வாசிப்பார். இக்கண்டத்தின் மிகத் தாழ்ந்த பகுதியோ மிக வறண்ட பகுதி. வெளிர்மணல் நிறத்தில் தொடங்கிச் செங்காவியைக் கடந்து அடர்பழுப்பில் முடியுங்கள்.

கடலுக்குச் சம இடைவெளிப் படிகள் உதவாது. 0 முதல் 200 மீட்டர் வரையுள்ள கண்டத்திட்டுக்கு மட்டும் நான்கு நிறம் வேண்டும்: 20, 60, 120, 200. பாஸ் நீரிணையும் டோரஸ் நீரிணையும் சாகுல் திட்டும் அந்தப் படிகளில்தான் தெரியவரும். அதன்பின் 500, 1,000, 2,000, 3,000, 4,000, 5,000, 6,000. கடைசி நிறம் ஜாவா அகழிக்கு, அது 7,192 மீட்டர் ஆழம்.

120 மீட்டர்க் கோட்டைத் தனியே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாகவும் இழுத்துவிடலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் ஏறத்தாழ அந்த அளவு தாழ்ந்திருந்தது. அந்தக் கோட்டுக்குள் நியூ கினியும் ஆஸ்திரேலியாவும் டாஸ்மேனியாவும் ஒரே நிலமாகத் தெரியும். தெரியாவிட்டால் எங்கோ முகமூடியிலோ குறியிலோ பிசகு.

உள்ளூர்த் தரவைச் சேர்ப்பதானால்

கிரேட் பேரியர் ரீஃப் பகுதிக்கு 30 மீட்டர் ஆழத் தரவு வெளிப்படையாகக் கிடைக்கிறது. சேர்க்கும் முன் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது குறி. ஆழக் கோப்புகள் சிலவற்றில் ஆழம் நேர்மதிப்பாக இருக்கும். அப்படியே ஒட்டினால் கடலில் 2,000 மீட்டர் மலை எழும். அதாவது உடனே தெரிந்துவிடும். தெரியாமல் போவது அடுத்த இரண்டும்தான்.

இரண்டாவது, எந்த மட்டத்திலிருந்து அளந்தது? ஆஸ்திரேலிய நில உயரங்களின் அடிமட்டம் 1971-இல் வகுக்கப்பட்டது. 1966 முதல் 1968 வரை 30 அலைமானிகளில் அளந்த சராசரிக் கடல்மட்டமே அதற்கு ஆதாரம். கப்பல் வரைபடங்களின் ஆழமோ மிகத் தாழ்ந்த வானியல் ஓதமட்டத்திலிருந்து, அதாவது கடல் வற்றும்போது எட்டும் மிகத் தாழ்ந்த மட்டத்திலிருந்து, எண்ணப்படுவது. கப்பல் தரைதட்டக் கூடாது என்பதற்காக வைத்த எச்சரிக்கைக் கணக்கு. வடமேற்கில் டெர்பி பக்கம் ஓத வீச்சு 10 மீட்டரைத் தாண்டுவதால் இரண்டு மட்டங்களுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். ஜிபிஎஸ்ஸிலிருந்து நேராக வந்த லைடார் உயரம் இன்னும் மோசம். அது பூமியின் வடிவாகக் கணக்குக்கு வைத்த நீள்வட்டக் கோளத்திலிருந்து அளந்தது. கடல்மட்டப் பரப்போ அந்தக் கோளத்துக்குத் தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 30 மீட்டர் கீழும், கேப் யார்க் முனையில் சுமார் 70 மீட்டர் மேலும் இருக்கிறது. அந்த வித்தியாசத்தைத் தரும் ஆஸ்ஜியாய்டு மாதிரியைக் கழிக்காமல் ஒட்டினால் கேப் யார்க் கரையோரம் முழுவதும் 70 மீட்டர் மேடாகும்.

மூன்றாவது ஒட்டும் விளிம்பு. 30 மீட்டரை 450 மீட்டருக்குக் குறைக்கச் சராசரி முறையைப் பயன்படுத்துங்கள். நியரஸ்ட் நெய்பர் 225 கட்டங்களில் ஒன்றை மட்டும் எடுக்கும். அது பவளத்திட்டின் தலையா, பக்கத்துப் பள்ளமா என்பது அதிர்ஷ்டம். விளிம்பில் கத்திவெட்டாக மாற்றாமல் 10 கட்டத் தூரம், அதாவது 4.5 கி.மீ., புதிய தரவின் எடையை 0-விலிருந்து 1-க்கு ஏற்றிக் கலக்குங்கள். ஜிஎம்டியின் கிரிட்பிளெண்ட் இதைச் செய்யும்.

தனித்தனி ஆழப் புள்ளிகள் கிடைத்தால் முதலில் ஜிஎம்டியின் பிளாக்மீடியன் கருவியை ஓட்டிக் கட்டத்துக்கு ஒரு புள்ளியாக்கி, பிறகு சர்ஃபேஸ் கருவியில் இழுவிசை 0.35 கொடுங்கள். பிளாக்மீடியனைச் செய்யாமல் விட்டால் அடர்ந்த கப்பல் தடங்களின் இரைச்சல் அலையலையாகப் பரவும். சர்ஃபேஸ் எல்லா வெற்றிடத்தையும் கேள்வி கேட்காமல் நிரப்பிவிடும். ஆகவே எந்தப் புள்ளியிலிருந்தும் 5 கி.மீ.க்கு அப்பாலுள்ளதை வெட்டி எறியுங்கள். கரைக்கும் முதல் ஆழப் புள்ளிக்கும் நடுவே கப்பல் போக முடியாத, நிலத் தரவும் எட்டாத ஒரு நாடா எப்போதும் இருக்கும். கரைக்கோட்டைப் புள்ளிகளாக்கி 0 மீட்டர் என்று கொடுத்தால், அங்கே கடல் திடீரென்று குழிவது நிற்கும்.

கடலடியில் தெரிவதெல்லாம் கடலடி அல்ல

ஹில்ஷேட் போட்டதும் ஆழ்கடலில் இருவகைத் தோல் தெரியும். சில பட்டைகளில் முகடும் பள்ளமும் கூர்மையாக இருக்கும்: பல கற்றைச் சோனார் கப்பல் போன தடங்கள். மற்ற இடமெல்லாம் ஆரஞ்சுத் தோல்போலப் சொரசொரப்பாக இருக்கும்: ஈர்ப்பிலிருந்து கணித்தவை. 2,000 மீட்டர் உயரக் கடலடி மலை தன் ஈர்ப்பால் மேலே உள்ள கடற்பரப்பை 2 மீட்டர் அளவுக்கு உயர்த்துகிறது. செயற்கைக்கோள் அந்த மேட்டை அளக்க, அதிலிருந்து மலையைக் கணக்கிடுகிறார்கள். பெரிய மலைகள் அகப்படும், சில கிலோமீட்டர் அளவு முகடுகள் நழுவிவிடும். கப்பல் அளவைக்கும் ஒரு வரம்பு உண்டு. 1 டிகிரிக் கற்றை 4,000 மீட்டர் ஆழத்தில் 70 மீட்டர் அகலத்தை ஒரே எண்ணாகச் சொல்கிறது. நீரில் ஒலியின் வேகத்தை 1 சதவீதம் தப்பாக எடுத்தால் 5,000 மீட்டரில் 50 மீட்டர் பிசகும்.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் நம் சட்டத்துக்குச் சற்று மேற்கே காணாமல்போன எம்எச்370 விமானத்தைத் தேடிய பகுதியை எடுத்துப் பாருங்கள். அதற்காக அளந்த 150 மீட்டர்த் தரவு 2017-இல் வெளியானது. அதன் பக்கத்தில் பழைய கணிப்பு ஈரத்தாளில் கசிந்த மைபோல் இருக்கும்.

நேர்கோட்டில் ஓடும் ஒற்றை முகட்டையோ கட்டம்கட்டமாக அமைந்த வரப்புகளையோ கண்டால் நிலவியல் தேட வேண்டாம். கப்பல் அளந்த ஆழமும் சுற்றியுள்ள கணிப்பும் 50, 100 மீட்டர் ஒத்துப்போகாததால் வரும் தழும்பு அது. 2009-இல் கூகுள் எர்த்தில் கேனரித் தீவுகள் பக்கம் அட்லாண்டிஸ் நகரத் தெருக்கள் தெரிகின்றன என்று செய்தி பரவியதும் இப்படிப்பட்ட கோடுகளைப் பார்த்துத்தான். அவற்றை அழித்து வழவழப்பாக்க வேண்டாம். அழித்தால் அளந்த ஒரே தரவும் போய்விடும். அதற்குப் பதில் டிஐடியை மூன்று வகையாகச் சுருக்கித் தாளின் மூலையில் 15 செ.மீ. அகலச் சிறுபடமாக வையுங்கள்: நேரில் அளந்தது (10–17), கணித்தது (40–46), மூலம் தெளிவில்லாதது (70-உம் அதற்கு மேலும்).

சரிபார்த்தலும் அச்சும்

காஸ்கியஸ்கோவில் 2,228 தேடாதீர்கள். 450 மீட்டர்க் கட்டம் உச்சியையும் சரிவையும் சேர்த்துச் சராசரியாக்குவதால் குறைவாகத்தான் காட்டும். 2,228-க்கு மேல் காட்டினால்தான் கவலைப்பட வேண்டும். உளூரு பாறை 3.6 கி.மீ. நீளம், சுற்றுத்தரையிலிருந்து 348 மீட்டர் உயரம். படத்தில் எட்டுக் கட்டம் நீளத்துக்கு ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். காணோம் என்றால் சமவெளியை வடிகட்டும்போது அதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டீர்கள். பாஸ் நீரிணையின் நடுவில் 60–80 மீட்டர் ஆழம் வர வேண்டும்.

1:50,00,000-இல் செவ்வகம் தாளை விளிம்புவரை நிரப்பிவிடும். ஓரம் வேண்டுமானால் 1:55,00,000 ஆக்குங்கள். படம் 1080 × 764 மி.மீ. ஆகும், தலைப்புக்கும் அளவுகோலுக்கும் இடம் கிடைக்கும். கடலடிப் பெயர்களை கெப்கோவின் பெயர்த்தொகுதியிலிருந்து எடுங்கள். நீலம் அச்சில் திரையைவிடக் கறுக்கும். முழுத்தாளை ஓட்டுமுன் கண்டச் சரிவு வரும் ஏ-4 துண்டு ஒன்றை அச்சிட்டு, 4,000-க்கும் 5,000-க்கும் நிறம் பிரிகிறதா என்று பாருங்கள். ஓரத்தில் எழுத வேண்டியவை: தரவின் பெயரும் பதிப்பு ஆண்டும், புரொஜெக்‌ஷன், கட்ட அளவு, நிலத்துக்கும் கடலுக்கும் கொடுத்த மிகைப்பு, பிறகு ‘கப்பல் செலுத்தப் பயன்படுத்தக் கூடாது’ என்ற வரி.